ஜோடிச்சொல்லு சொன்ன தண்ணித்தொட்டி

நெடுவிளையில தண்ணித்தொட்டி பேச ஆரம்பிச்ச அன்னிக்கு ஊருல ஒருத்தரும் ஆச்சரியப்படல, ஏன்னா அந்தத் தொட்டியில என்னிக்காவது தண்ணி வந்திருந்தாத்தான் அவிய ஆச்சரியப்பட்டிருப்பாவ. தேரின்னு சொல்லுற செம்மணல் மேட்டுக்கு நடுவுல, பனைமரத்த விட ஒசரமா, வயித்துல ஒண்ணுமில்லாம நின்ன அந்தச் சிமெண்டுப் பிசாசு, கட்டி முடிச்சு, நீலப் பெயிண்டு அடிச்சு, அடிச்ச பெயிண்டு உரிஞ்சு, உரிஞ்ச எடத்துல காக்கா கூடு கட்டி, அந்தக் காக்கா பேரன் பேத்தி எடுத்த பெறகும் ஒரு சொட்டுத் தண்ணியக் கண்ணால கண்டதில்ல.

மொத மொத அது பேசினதக் கேட்டது பைப் பிட்டரு மாசிலாமணி. தண்ணியே வராத தொட்டி ஒழுகாம இருக்கான்னு பாத்து ஒரு சர்டிபிகேட் வேணும்னு மேல எங்கயோ ஒரு ஆபீசுல கேட்டிருந்தாவளாம். மனுசன் ஏணியில ஏறி, மூடியத் தூக்கி உள்ள எட்டிப் பாக்கும்போது இடுப்புல சொருவியிருந்த ஸ்பானர் நழுவி டமார்னு விழுந்துட்டு. "ஐயோ, ஸ்பானரு!"ன்னு கத்துனாரு. உள்ளருந்து, வத்துன கெணத்துல வாளி முட்டுன மாதிரி ஒரு கொரலு, ஆம்பளக் கொரலும் இல்ல பொம்பளக் கொரலும் இல்ல, நெதானமா, "பேனரு"ன்னு சொல்லிச்சு.

மாசிலாமணி எறங்கி வந்து டீக்கடையில உக்காந்தாரு.

"தொட்டி பேசுது."

"என்ன பேசுது?"

"ஸ்பானருன்னேன், பேனருங்கு. சோப்புன்னேன், தோப்புங்கு."

"தண்ணி எப்ப வரும்னு கேட்டீரா வே?"

"கேக்காம இருப்பனா? தண்ணின்னேன். பன்னின்னுட்டு."

"பஞ்சாயத்துல போயி கேட்டாலும் இதத்தான சொல்லுதாவ"ன்னு ஒருத்தரு சொல்லவும், எல்லாரும் சரிதான்னு தலையாட்டிட்டு டீயக் குடிச்சாவ.

வேற ஊருன்னா தொட்டிக்குச் சந்தனம் பூசி மால போட்டிருப்பாவ, இல்லன்னா பயந்து எடிச்சிருப்பாவ. நெடுவிளைக்கு இது தேவையான சாமான் தேவையான எடத்துல வந்து விழுந்த மாதிரி, ஏன்னா அந்த ஊருல ஜோடிச்சொல்லு இல்லாம கல்யாணமே கெடையாது. கல்யாணத்தன்னிக்கு பொண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சு கேட்டுக்கு வெளிய நிக்கணும், பேண்டு செட்டு ஒரே மெட்டத் திருப்பித் திருப்பி வாசிக்கணும், மாப்பிள்ளயோட கூட்டாளிமாரு ஜோடிப்பாட்டு பாடணும்: பொண்ணு பேருல முடியிற ஒரு வரி, அந்தப் பேரு மாதிரியே ஒலிக்கிற வேற சொல்லுல முடியிற ஒரு வரி, பெறகு மாப்பிள்ள பேருக்கும் அதே மாதிரி. அந்த ஒத்துப்போற சொல்லுக்குத்தான் ஜோடிச்சொல்லுன்னு பேரு. பாட்டு முடிஞ்சாத்தான் பொண்ணோட அத்தக்காரி கேட்டத் தொறப்பா. பாதியில நின்னுட்டுதுன்னா அது அரைப்பாட்டு. அரைப்பாட்டுல நின்ன ரெண்டு பேரும் மீதிப்பாட்டு முடியிற வரைக்கும் வேற எடத்துல கட்டிக்கிடவும் கூடாது, ஒருத்தர் பேர ஒருத்தர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. யாரு போட்ட சட்டம்னு கேட்டா, "அது அப்பிடித்தான்"னு கைய விரிப்பாவ. பாதிரியாரு இதுக்கு எதிரா எத்தனையோ பிரசங்கம் பண்ணிப் பாத்தாரு, என்ன செய்ய, கேட்டுச் சாவி அவரு கையில இல்ல.

அரைப்பாட்டுல நின்னது ஊரு தோணுன நாளுலருந்து ஒரே ஒரு ஜோடிதான். ஒநேசிமுவும் சலோமியும்.

ஒநேசிமுவோட அப்பா பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது, அந்த ஊரு வழக்கப்படி, கண்ண மூடிக்கிட்டு பைபிளத் தொறந்து வெரல வச்சாரு. அண்ணங்காரனுக்கு வெரலு தாவீதுல விழுந்துச்சு, நல்லாத்தான் விழுந்துச்சு. ரெண்டாவது பிள்ளைக்கு அவ்வளவு பெரிய புஸ்தகத்துல, ஒத்தப் பக்கமா ஓரமா கெடந்த ஒரு சின்ன நிருபத்துல போயி, அதுலயும் ஒரு ஓரத்துல நின்ன ஒநேசிமு தலையில விழுந்துட்டு. வெரல எடுத்து மறுபடி வைக்கலாமான்னு அம்மக்காரி கேட்டா. "கர்த்தரு என்ன லாட்டரிச் சீட்டா விக்குதாரு?"ன்னு அப்பா சொல்லிட்டாரு. சலோமிக்கு அந்தக் கஷ்டம் இல்ல. பூமி இருக்கு, சாமி இருக்கு, மாமி இருக்கு, ஊரே அவ பேருக்கு ஜோடியாக் கெடந்துச்சு.

கல்யாணத்தன்னிக்கு பாடுனவன் ரத்தினசிங்கு. தொண்ட கணீர்னு இருக்கும், அதுக்கு மேல இருக்கிற எடத்துல ஒண்ணும் இருக்காது. "பொங்கிச் செவந்து கெடக்கு பூமி, அதுல பூத்து வந்தா எங்க சலோமி"ன்னு மொதப்பாதிய அமக்களமா முடிச்சுட்டான். "தேரி மேல தேரு போல வந்தான் ஒநேசிமு"ன்னு ரெண்டாவது பாதியத் தொடங்கி, அங்கனயே நின்னுட்டான். பேண்டு போவுது. கிளாரினெட்டுக்காரரு கன்னம் பூரி மாதிரி உப்பி நிக்கி.

"எலே, பாடுல."

"இருல, வருது."

"எங்கருந்துல வருது, பாம்பேலருந்தா?"

"பிரியாணி வைக்க வந்த காசிம் பாயி பேர வச்சுப் பாடிரவா?"

"பேருக்குப் பேரு ஜோடி வச்சா அந்த ஆளையும் சேத்துல்லா கட்டி வைக்கணும்! காசிம் பாயிக்கு பொண்டாட்டி பிள்ளைய இருக்குல!"

வேற வழியில்லாம ரத்தினசிங்கு கண்ண மூடிக்கிட்டு, "வந்தான் எங்க நேசன், வாசம் வீசும் ராசன்"னு அடிச்சு விட்டான். சலோமியோட அத்த ரெபேக்கா, சாவியக் கையில வச்சுக்கிட்டு நின்னவ, கைய ஒசத்துனா. பேண்டு நின்னுட்டு.

"யாரு அந்த நேசன்?"

"அத்த, அது நாந்தான்"னான் ஒநேசிமு.

"நீ ஒநேசிமுல்லா?"

"ஆமா."

"பெறகு? நாங்க பிள்ளையக் குடுக்க வந்தது ஒநேசிமுவுக்கு. அவனுக்கு இன்னும் பாட்டு வரல. பாட்டு வந்தது நேசனுக்கு. நேசன்னு ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, குடும்பம் எப்பிடி, குடி கிடி உண்டான்னு விசாரிப்போம்."

ரெண்டு மூணு பேரு நெசமாவே கூட்டத்துக்குள்ள போயி, "இங்க நேசன்னு யாரும் வந்திருக்கியளா?"ன்னு கேட்டுப் பாத்தாவ. யாரும் வரல. சலோமி தலையில போட்டிருந்த நெட்டக் கழத்தி மடிச்சுக் கைக்குள்ள வச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்துட்டா. பிரியாணிய மட்டும் யாரும் விட்டுட்டுப் போவல.

அதுக்குப் பெறகு ஒநேசிமு ஒரு மைக்செட்டுக் கட போட்டான். ஊருல எவனும் இனிமே கேட்டுல நின்னு முழிக்கக் கூடாதுன்னு எல்லா பேருக்கும் ஜோடிச்சொல்லு தேடித்தேடி பாட்டுக் கட்டிக் குடுத்தான். சைக்கிள்ல போவும்போது தேடுவான், பல்லு வெளக்கும்போது தேடுவான், ஜெபத்துல எல்லாரும் "ஆமென்"னு சொல்லும்போது இவன் மட்டும் "ஓமன்"னு முனங்குவான். இவன் கட்டுன பாட்டுல எத்தனையோ கேட்டு தொறந்திருக்கு. தாம் பேர மட்டும், நாக்க வச்சு நெம்பிப் பாத்து, திருப்பிப் போட்டுப் பாத்து, ஒடச்சுப் பாத்து, ஒண்ணும் வரல.

சலோமி பால்வாடியில டீச்சராப் போனா. தெனமும் சாயங்காலம், தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பம்புசெட்டுலருந்து பால்வாடிப் பிள்ளையளுக்குத் தண்ணி எடுத்துக்கிட்டு, சைக்கிள்ல குடங்களக் கட்டித் தள்ளிக்கிட்டு இவன் கட வழியாத்தான் வருவா. பேரு சொல்லிக் கூப்பிட முடியாது, வாங்கன்னு சொல்லவும் வாய் வராது. அதனால அவ வர்ற நேரம் பாத்து ஒநேசிமு மைக்க ஆன் பண்ணி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்"கும்பான். அவ பெல்ல ஒரு தடவ அடிப்பா. இவன் மைக்க ஆப் பண்ணிருவான். இத்தன வருசமா அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்த பேச்சுவார்த்த மொத்தமும் இவ்வளவுதான். ஊருல எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அந்த நேரத்துல வேற எங்கயாச்சும் பாத்துக்குவாவ.

அப்பிடி இருக்கும்போதுதான் தொட்டி பேசிச்சு.

ஒரு வாரத்துக்குள்ள அதுக்கு நேரங்காலம் ஏற்பாடாயிட்டு. காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைய, பெறகு பொம்பளைய, வெயிலு சாஞ்ச பெறகு கச்சிக்காரங்க. கீழருந்து கத்துனாலே போதும், மேல ஏற வேண்டாம். ஒட்டகம்னா பெட்டகங்கும். சட்னின்னா பட்னிங்கும். ஹோமியோபதின்னா ஒரு கணம் கூட யோசிக்காம சபாபதிங்கும். உள்ளாட்சித் தேர்தலு வந்துச்சு. தலைவரு பதவிக்கு நின்ன ஜெபசிங்குக்குச் சின்னம் பூசணிக்கா. பாவம், பூசணிக்காய வச்சுக்கிட்டு எவன் பாட்டுக் கட்டுவான்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு தொட்டிக்கிட்ட வந்தாரு. தொட்டி "யோசனக்கா"ன்னுட்டு. "போடுங்கக்கா பூசணிக்கா, இன்னும் என்ன யோசனக்கா"ன்னு தெருத்தெருவா அடிச்சு அவரு ஜெயிச்சாரு. எதிர்த்து நின்னவருக்கு இஸ்திரிப்பெட்டி. தொட்டி அவருக்கும் பாரபச்சமில்லாம மேஸ்திரின்னு குடுத்துச்சு, ஆனா அந்த ஊருல மேஸ்திரிமாரு ஓட்டு கம்மி.

பிள்ளைக்குப் பேரு வைக்கதுக்கு பைபிள்ல வெரலு வைக்கிற வழக்கம் நின்னு போயி, தொட்டிக்கிட்ட கேட்டுக்கிட்டு வைக்க ஆரம்பிச்சாவ. பெங்களூருல வேல பாக்கிற ஒரு தகப்பன் மகளுக்கு பிரதிக்‌ஷான்னு வைக்கணும்னு வந்து நின்னு, பெருமையாக் கத்துனான். தொட்டி "ரிக்‌ஷா"ன்னு சொல்லிட்டு. பிள்ளைக்கு ஞானமணின்னு வச்சுட்டுப் போயிட்டான். அல்வாக்கடைக்காரரு மக வேடிக்கையா "அல்வா"ன்னு கத்த, தொட்டி "செல்வா"ங்க, தபாலாபீசுல வேல பாத்த செல்வாங்கிற பையன் காது வரைக்கும் செவந்து போனான். அடுத்த மாசம் கேட்டு தொறந்துச்சு. பாதிரியாரும் யாரும் இல்லாத நேரம் பாத்து வந்து, தொண்டையச் செருமிக்கிட்டு, "பாவம்"னாரு. "சாபம்"னு வந்துச்சு. "வேதத்துக்கு விரோதமா ஒண்ணும் சொல்லல"ன்னு அவரும் அனுமதி குடுத்துட்டாரு. கெட்ட வார்த்தைக்கும் அது சளைக்காம ஜோடி சொல்லுதுன்னு தெரிஞ்ச பெறகு, பிள்ளைய இருக்கும்போது ஆம்பளைய பக்கத்துல போவக் கூடாதுன்னு மட்டும் பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாவ.

கொஞ்சங்கொஞ்சமா ஊரு பேச்சே மாறிப்போச்சு. ரேஷன் கடையில சண்ட போட்டா ஜோடிச்சொல்லு வச்சுத்தான் போட்டாவ, ஜோடி கெடைக்காதவன் தோத்துப் போயி அரிசிய வாங்கிட்டுப் போனான். தொட்டி பதிலு சொல்லாத சொல்லு ரொம்ப இல்ல, ஒண்ணு ரெண்டுதான். அதுக்கு ஒண்டிச்சொல்லுன்னு பேரு வச்சாவ. ஒண்டிச்சொல்லச் சொன்னா வாயில மண்ணு விழுந்த மாதிரி இருக்குன்னு அதச் சொல்றதையே விட்டாவ. எக்ஸ்ரேக்கு ஜோடி வரலன்னு, கால் ஒடஞ்சவன் கூட டாக்டர்ட்ட போயி "எலும்பு போட்டோ எடுங்க"ன்னான்.

ஒநேசிமுங்கிற பேரும் ஒண்டிச்சொல்லுதான்.

யாரும் வேணும்னு செய்யல. பகையும் இல்ல. மொதல்ல "ஏ மைக்கு"ன்னாவ, பெறகு "மைக்கண்ணாச்சி"ன்னாவ, கட போர்டுல பேரு இருந்த பாதி வெயில்ல உரிஞ்சு விழுந்து சவுண்ட் சர்வீஸ் மட்டும் மிச்சமிருந்துச்சு. கூடப் பொறந்த தாவீதே போன்ல "தம்பி"ன்னு நிறுத்திக்கிட்டான். சர்ச்சுல சொகமில்லாதவங்களுக்காக ஜெபிக்கும்போது இவனுக்குக் காய்ச்சல்னா பாதிரியாரு, "நம்ம சகோதரரு ஒருத்தரு"ம்பாரு. ஒரு சட்டைய ரொம்ப நாளு போடாம வச்சிருந்தா மடிப்புல நிறம் போயிரும்லா, அந்த மாதிரி, ஒநேசிமுவுக்கு தாம் பேரு ஓரத்துலருந்து வெளுத்துக்கிட்டே வர்ற மாதிரி இருந்துச்சு.

அவன் தொட்டிக்கிட்ட போனது எப்பவும் நட்டநடு மத்தியானத்துல. மண்ணு காலச் சுடும், ஆடு கூட நெழலுக்குப் போயிரும், ஒரு சனம் இருக்காது. தலைய ஒசத்தி, "ஒநேசிமு"ன்னு கூப்பிடுவான். மத்த சொல்லுக்கெல்லாம் டக்குன்னு பதிலு வர்ற தொட்டி, இவன் பேருக்கு மட்டும் ஒரு மூச்சு இழுக்கும். ஆளு சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கும். பெறகு ஒண்ணும் இருக்காது.

அத நம்ப முடியாம இவன் எத்தனையோ வெதமாக் கூப்பிட்டுப் பாத்தான். செத்துப் போன அம்ம கொரல்ல, "எய்யா ஒநேசிமு, சோறு ஆறிப் போவுதுய்யா"ன்னு கூப்பிட்டான். அஞ்சாம் வகுப்பு வாத்தியாரு கொரல்ல, மூக்கால, "ஒநேசிமு"ன்னு அட்டெண்டென்ஸ் எடுத்தான். தொட்டி சும்மா இருக்கவும், நின்னு பாத்துட்டு, இவனே "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லிக்கிட்டான். சொன்ன பெறகு அந்த வெயில்ல இவனுக்குக் குளுந்துச்சு. அம்ம போனா, வாத்தியாரு போனாரு, இந்தப் பேரச் சொல்ற வாய் இனிமே இந்த ஒரு வாய்தான்னு அப்பத்தான் தோணிச்சு. இந்த வாயும் போயிட்டா, பேரு எங்க போயி நிக்கும்?

தொட்டிக்குக் கீழ செம்மண்ணுல ஒரு சைக்கிளு டயரு தடம் கெடந்தத அவன் பல நாளு பாத்திருக்கான். பாரம் ஏத்துன சைக்கிளு, நல்லா அமுங்கின தடம். தண்ணியில்லாத தொட்டிக்குக் கீழ தண்ணிக்குடம் கட்டுன சைக்கிளுக்கு என்ன வேலன்னு நெனப்பான். அதுக்கு மேல நெனக்கப் பயந்துக்கிட்டு, தடத்த மிதிக்காம சுத்தி நடந்து வருவான்.

அப்பதான் தண்ணி வரப் போவுதுன்னு செய்தி வந்துச்சு. தூரத்து ஆத்துலருந்து பெரிய பைப்பு போட்டு, மெய்யாவே, தொட்டிய நெறைக்கப் போறாவளாம். இந்த ஊரு ஆச்சரியப்பட்டது அன்னிக்குத்தான். ரெண்டு பொம்பளைக்கு மயக்கமே வந்துட்டு. தெளிஞ்ச பெறகுதான் மாசிலாமணி சொன்னாரு: "தண்ணி நெறஞ்சா தொட்டி பேசாது. வாய் நெறய தண்ணிய வச்சுக்கிட்டு யாரு பேசுவா?"

சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாவ. மைக்செட்டு ஒநேசிமுவோடது, ஓரமா ஆம்ப்ளிபயரு பக்கத்துல உக்காந்திருந்தான்.

"தண்ணி வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம்"னாரு ஜெபசிங்கு, அடுத்த தேர்தல்ல என்ன சின்னம் வருமோங்கிற கவலையில. "இத்தன காலம் இல்லாமத்தான இருந்தோம்?"

"என் மகளுக்குத் தை மாசம் கல்யாணம்"னாரு இன்னொருத்தரு. "மாப்பிள்ள பேரு குலசேகரவேலு. ஜோடிச்சொல்லுக்கு நான் எங்க போவேன்? அதுக்குப் பெறகு தண்ணி வரட்டும்."

"என் பேத்திக்குப் பேரு வைக்கணும்."

"என் கதைக்கு முடிவு வேணும்"னான் கத எழுதித் திரியிற ஒருத்தன். எந்தக் கதன்னு யாரும் கேக்கல.

அப்ப சலோமி எந்திரிச்சு மைக்குக்கிட்ட வந்தா. தொட்டி வாய மூடுனா ஊருக்கெல்லாம் நட்டந்தான், ஆனா இவளுக்கு என்ன நட்டம்னு எல்லாருக்கும் தெரியும். அரைப்பாட்டு அரைப்பாட்டாவே நின்னு போவும்.

"பால்வாடியில பிள்ளைய தண்ணி கேட்டு அழுவுது"ன்னா. "நான் தண்ணிக்குப் பன்னின்னு சொல்லியா குடுக்க? தேரியத் தாண்டி என் சைக்கிளத் தள்ளிட்டு ஒரு வாட்டி நீங்கெல்லாம் போயிட்டு வாங்க, பெறகு பேசுவோம். தண்ணி வரட்டும்."

ஒநேசிமு தலைய நிமுத்தல. அவ பேசும்போது சவுண்டுத் திருக மட்டும் கொஞ்சம் கூட்டி வச்சான்.

தண்ணி தொறக்குற அன்னிக்கு ஊரு மொத்தமும் தொட்டிக்குக் கீழ கூடிட்டு. குடமும் வாளியும் ஒரு பக்கம் வரிசையில நிக்க, மனுசங்க இன்னொரு பக்கம் நின்னு அவியவிய பேரக் கடைசியா ஒரு வாட்டி கத்தி, ஜோடிச்சொல்லக் கேட்டுக்கிட்டாவ, ரயிலேறப் போற சொந்தக்காரங்கிட்ட ஜன்னல் வழியாப் பேசுற மாதிரி. எல்லாரும் முடிச்ச பெறகு ஒநேசிமு வந்தான். பேட்டரி, ஆம்ப்ளிபயரு, தல மேல, கடையில இருக்கிறதுலயே பெரிய ஹாரனு. ஒரு வேள தொட்டிக்கு இவ்வளவு நாளும் சரியாக் கேக்கலயோன்னு ஒரு நப்பாச. ஹாரனத் தொட்டியப் பாத்துத் திருப்பிக் கட்டுனான். யாரும் சிரிக்கல. ரெபேக்கா அத்தக்கு இப்ப முட்டு வலி, பிளாஸ்டிக் சேருல உக்காந்திருந்தா. சர்ச்சு கேட்டுச் சாவிய அன்னிக்குக் கேட்டு வாங்கி இடுப்புல சொருவியிருந்தா. "சொல்லட்டும். சொல்லிச்சுன்னா இப்பவே போயித் தொறக்கேன்"னா. ரத்தினசிங்கு, தல நரச்சுப் போயி, இருந்தாலும் தொண்டையச் சரிபண்ணிக்கிட்டு, ரெடியா நின்னான். சலோமி குட வரிசையில, தன்னோட குடத்துக்குப் பக்கத்துல, குடத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

ஒநேசிமு மைக்க வாய்க்கிட்ட கொண்டுபோனான்.

"ஒநேசிமு."

தேரி முழுக்கக் கேட்டுச்சு. பனைமரத்துலருந்து காக்கா எந்திரிச்சுச்சு. தொட்டி மூச்ச இழுத்துச்சு. இந்த வாட்டி எல்லாருக்குமே கேட்டுச்சு, எல்லாரும் சேந்து மூச்ச இழுத்தாவ. உள்ள எங்கயோ அடியில "கு"ன்னு ஒரு சத்தம் பொறந்துச்சு. "கு… குளு…"

"வருதுல!"ன்னு ரத்தினசிங்கு குதிச்சான். "வருதுல, வருது!"

வந்தது தண்ணி. பைப்புல இருந்த காத்தத் தள்ளிக்கிட்டு, கொளகொளன்னு தொட்டி வாய்க்குள்ள எறங்கி, அது சொல்ல எடுத்த சொல்ல அப்பிடியே முழுங்க வச்சுட்டு. அந்தச் சொல்லு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

"சரி"ன்னு ரெபேக்கா சாவிய இடுப்புல இன்னும் உள்ள சொருவிக்கிட்டா. ஊரு ஒரு "ச்சு" கொட்டிச்சு. அதுக்குள்ள கீழ கொழாயத் தொறந்துட்டாவ, தண்ணி வந்த பெறகு அடுத்தவன் துக்கத்துக்குப் பக்கத்துல யாரு நிப்பா, எல்லாரும் குடத்தப் பாத்து ஓடிட்டாவ. ஒநேசிமு ஒத்தையில நின்னு வயரச் சுத்துனான். மைக்கு இன்னும் கையில இருந்துச்சு, ஆன்லயே இருந்துச்சு. சலோமி பக்கத்துல இருக்கும்போது மைக்கு கையில இருந்தா வாய் தானா ஒண்ணு சொல்லும், அது வருசக்கணக்கான பழக்கம்.

"ஹலோ"ன்னான். "ஹலோ."

மூணாவது வாட்டி வாய் ஹலோ சொல்லல.

"சலோமி"ன்னான்.

ஹாரனு அதத் தூக்கிட்டுப் போயி தேரியோட அந்தக் கடைசி வரைக்கும் எறிஞ்சுச்சு. குட வரிசை அப்பிடியே நின்னுட்டு. ரெபேக்கா வாய் தொறந்தது மூடல. கொழாயில தண்ணி மட்டும் நிக்காம, நெறஞ்ச குடத்து மேல வழிஞ்சு மண்ணுல ஓடுது.

சலோமி திரும்பக் கூட இல்ல. நெறஞ்ச குடத்த நவுத்தி, அடுத்த குடத்தக் கொழாய்க்குக் கீழ வச்சுக்கிட்டே, அடுப்படியில இருந்து சொல்ற மாதிரி சொன்னா:

"என்ன?"

ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டுன ஆளு. சொல்றதுக்கு இத்தன வருசத்துச் சேமிப்பு கெடக்கு, ஒரு சொல்லு மேல வரல. "ஒண்ணுமில்ல"ன்னான், அதுவும் ஹாரன்ல போச்சு.

"ஒண்ணுமில்லன்னா வந்து இந்தக் குடத்தத் தூக்கி விடுங்க, ஒநேசிமு."

மைக்கக் கீழ வச்சான், அது கொய்ங்னு கத்திச்சு. போயி தூக்கி விட்டான்.

"'என்ன'ங்கிறது எப்பிடி ஜோடியாவும்?"னு ரெபேக்கா பக்கத்துல இருந்தவங்கள்ட்ட கேட்டா. "சலோமிக்கு என்னயா? ஒத்து வரலியே?" எல்லாரும் தண்ணி பிடிக்கிற மும்முரத்துல இருந்தாவ. அவ கொஞ்ச நேரம் தனியா உக்காந்து, அந்த ரெண்டு சொல்லையும் வாய்க்குள்ள மாத்தி மாத்திப் போட்டு மென்னு பாத்தா. பெறகு முட்டப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, மெதுவா நடந்து போயி சர்ச்சு கேட்டத் தொறந்து விட்டா. எதுக்குத் தொறந்தியன்னு கேட்டவங்கள்ட்ட, "சும்மா, துருப்பிடிக்காம இருக்கணும்லா"ன்னா.

இப்ப நெடுவிளையில கல்யாணம்னா கேட்டுல பாட்டு உண்டு, வரி ஒத்து வந்தா உண்டு வராட்டா போவுதுங்காவ, ஆனா பேண்டு நின்ன பெறகு மாப்பிள்ள பொண்ணு பேரச் சொல்லிக் கூப்பிடணும், பொண்ணு "என்ன?"ன்னு கேக்கணும், பொண்ணு மாப்பிள்ளயக் கூப்பிடணும், அவன் "என்ன?"ன்னு கேக்கணும். கேட்டாத்தான் கேட்டு தொறக்கும். யாரு போட்ட சட்டம்னா, "அது அப்பிடித்தான்"னு கைய விரிப்பாவ. தொட்டிக்குப் புதுசா நீலப் பெயிண்டு அடிச்சிருக்கு. கீழ நின்னு என்ன கத்துனாலும், தண்ணி அலம்புற சத்தம்தான்.

வருசக்கணக்கா ஒண்டியா இருந்த ஆளுக்கு, கேட்டு தொறந்து கட்டிக்கிட்ட பெறகும், அது ஒரே நாளுல விட்டுப் போயிராது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, வயரச் சுத்திக்கிட்டு இருக்கும்போது, ஒநேசிமுவுக்குத் திடீர்னு நெஞ்சு வெறிச்சோடிப் போவும், "சலோமி"ம்பான். "என்ன?"ன்னு வரும். "ஒண்ணுமில்ல"ம்பான். அவ ஏன் கூப்பிட்டியன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

சில மத்தியானத்துல அவளும் அந்தப் பக்கத்து ரூமுல இருந்து கூப்பிடுவா. "ஒநேசிமு." முழுப் பேரு, ஒரு எழுத்துக் கொறையாம. இவன் உடனே பதிலு சொல்ல மாட்டான். காத லேசா மேல தூக்கி, தொட்டி இருக்கிற தெசையில, ஒரு மூச்சு இழுக்கிற நேரம் காத்திருப்பான்.

அங்கருந்து ஒண்ணும் வராது.

"என்ன?"ம்பான்.

"ஒண்ணுமில்ல"ம்பா.